பாலகோட்: இரண்டு நாடுகள், இரண்டு கதைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகிஸ்தானின் பாலகோட் அருகே இந்திய விமானங்கள் குண்டு போட்ட 2019 பிப்ரவரி 26 அன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்த செய்தி "அடிச்சுட்டாங்க!" என்ற ஒரே வார்த்தை. மதியத்துக்குள் இறந்தவர்கள் 200, 300, 350 என்று மூன்று எண்கள் வந்துவிட்டன. மாலையில், வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் மகன் ஓர் ஆங்கிலச் செய்தியை அனுப்பினான். "சில பைன் மரங்கள் விழுந்தன, ஒருவருக்குக் காயம்" என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதாக அதில் இருந்தது. சித்தப்பா கோபத்தில் குழுவை விட்டே வெளியேறினார். அன்று தொடங்கிய சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முழுதாக ஓயவில்லை.

அதன் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், பொதுவெளியில் உள்ள தகவல்களை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். நான் படை நிபுணன் அல்ல. செய்திகளைத் தேதி போட்டு அடுக்கி வைத்துப் படிக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

முதலில், இரு தரப்புமே ஒப்புக்கொள்வது என்ன?

நிறையவே இருக்கிறது. சண்டை பெரிதாகத் தெரிவதால் இது பலர் கண்ணில் படுவதில்லை.

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் சென்ற வாகனத்தின் மீது தற்கொலைப்படைத் தாக்குதல் நடந்தது. 40 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், ஒருவர் அரியலூர் மாவட்டம், மற்றவர் தூத்துக்குடி மாவட்டம். பாகிஸ்தானைத் தளமாகக் கொண்ட ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பு தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது.

12 நாள் கழித்து, பிப்ரவரி 26 அதிகாலையில் இந்திய மிராஜ் 2000 விமானங்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்தன. பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில், பாலகோட்டுக்குப் பக்கத்தில் ஜாபா என்ற மலைப்பகுதியில் குண்டுகள் விழுந்தன. இதை முதலில் உலகத்துக்குச் சொன்னதே பாகிஸ்தான்தான். இந்தியா வாய் திறக்கும் முன்பே, அதிகாலையிலேயே அந்நாட்டு ராணுவச் செய்தித் தொடர்பாளர் மேஜர் ஜெனரல் ஆசிஃப் கஃபூர் ட்விட்டரில் எழுதிவிட்டார். எனவே "போகவே இல்லை, எல்லாம் நாடகம்" என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. போனதை எதிர்த்தரப்பே சொல்லிவிட்டது.

அன்று காலை ஒரு சின்னக் குழப்பமும் இருந்தது. பூஞ்ச் மாவட்டத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி நம் பக்கமே பாலகோட் என்ற பெயரில் இன்னோர் ஊர் இருக்கிறது. எந்த பாலகோட் என்று தெரியாமல் சில மணி நேரம் பலர் தடுமாறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. கைபர் பக்துன்க்வா பாகிஸ்தானின் சொந்த மாகாணம், சர்ச்சைக்குரிய காஷ்மீர்ப் பகுதி அல்ல. 1971 போருக்குப் பிறகு இந்திய விமானப்படை அவ்வளவு தூரம் உள்ளே போனது அதுவே முதல் முறை.

அப்படியானால் முரண்பாடு எங்கே?

குண்டு விழுந்த பிறகு என்ன ஆனது என்பதில்தான்.

அன்று முற்பகலில் வெளியுறவுச் செயலாளர் விஜய் கோகலே அறிக்கை வாசித்தார். ஜெய்ஷ் அமைப்பின் மிகப் பெரிய பயிற்சி முகாம் தாக்கப்பட்டது, பயங்கரவாதிகளும் பயிற்சியாளர்களும் மூத்த தளபதிகளும் மிகப் பெரும் எண்ணிக்கையில் அழிக்கப்பட்டனர் என்றார். குறி ராணுவம் அல்ல, பொதுமக்களும் அல்ல என்பதை அழுத்திச் சொல்லும் விதமாக, "ராணுவம் சாராத முன்தடுப்பு நடவடிக்கை" என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தார்.

பாகிஸ்தான் சொன்னது வேறு. எங்கள் விமானங்கள் விரட்டியதும் இந்திய விமானங்கள் அவசரத்தில் சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடின, உயிர்ச்சேதமும் இல்லை, கட்டடச் சேதமும் இல்லை என்றது.

இதை ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டால் ஒருபோதும் தீராது. இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. விமானம் போனதா? குண்டு போட்டதா? குறிவைத்த கட்டடத்தில் விழுந்ததா? அதில் ஆள் இறந்தார்களா? முதல் இரண்டிலும் தகராறு கிடையாது, கடைசி இரண்டில்தான் எல்லாத் தகராறும். எங்கள் சித்தப்பா முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன் மகன் நான்காவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். இருவரும் எதிரெதிரே பேசுவதாக நினைத்தார்கள்.

300 பேர் என்ற எண்ணை அரசு சொன்னதா?

இல்லை. கோகலேயின் அறிக்கையைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அதில் எண்ணே கிடையாது. தாக்குதல் சற்று முன்புதான் நடந்தது, கூடுதல் விவரங்களுக்குக் காத்திருக்கிறோம் என்றும் அவர் சொன்னார். 300, 350 என்ற எண்களெல்லாம் பெயர் குறிப்பிடாத "அரசு வட்டாரங்களை" மேற்கோள் காட்டித் தொலைக்காட்சிகள் சொன்னவை. மார்ச் 3 அன்று பாஜக தலைவராக இருந்த அமித் ஷா ஒரு கூட்டத்தில் 250-க்கும் மேல் என்றார். அது கட்சி மேடையில் சொல்லப்பட்டது, அரசின் அறிக்கை அல்ல.

அடுத்து ராஜ்நாத் சிங் சொன்னது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த அவர், தாக்குதலுக்கு முன் அந்த இடத்தில் சுமார் 300 செல்போன்கள் இயங்கிக்கொண்டிருந்ததைத் தொழில்நுட்ப உளவு அமைப்பு கண்டறிந்ததாகச் சொன்னார். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ஆள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று, இறந்தார்கள் என்பதற்குச் சான்றாகாது. ஒரு கட்டடத்தில் 300 பேர் தூங்கப் போனதும், அந்தக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்ததும் தனித்தனியே நிரூபிக்க வேண்டிய சங்கதிகள். அந்த வாரம் முழுக்க இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பேசினார்கள்.

விமானப்படைத் தளபதியாக இருந்த பி.எஸ். தனோவா மார்ச் 4 அன்று நம் கோயம்புத்தூரில் செய்தியாளர்களிடம் பேசினார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணும் நிலையில் விமானப்படை இல்லை, குறியை அடித்தோமா இல்லையா என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம், எண்ணிக்கையை அரசு சொல்லும் என்றார். என்னைப் பொறுத்தவரை அந்த நாட்களில் வந்த பேச்சுகளிலேயே நேர்மையானது இதுதான். பல ஆயிரம் அடி உயரத்தில் பறப்பவரால் உடல்களை எண்ண முடியாது. காட்டில் குண்டு போட்டிருந்தால் பாகிஸ்தான் ஏன் பதிலடி கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் அவர் எழுப்பிய கேள்வியும் அன்று பெரிய தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. தன் மாகாணத்துக்குள் வேறு நாட்டு விமானம் வந்து மரத்தில் குண்டு போட்டாலும் எந்த நாடும் பதிலடி கொடுக்கத்தான் பார்க்கும்.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பாதி தெரியும். எந்தப் பாதி என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பிளானெட் லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மார்ச் 4 அன்று எடுத்த படத்தை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அதில் ஜாபா மலையில், இந்தியா பயிற்சி முகாம் என்று சொன்ன, ஜெய்ஷ் நடத்திய மதரஸா வளாகத்தின் ஆறு கட்டடங்களாவது நின்றுகொண்டிருந்தன. 2018 ஏப்ரலில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம் இல்லை. கூரையில் ஓட்டை, கருகிய சுவர், சிதறிய இடிபாடு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. அதே இடத்தின் பிற வணிகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், கட்டடங்களிலிருந்து சுமார் 150 முதல் 200 மீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே புதிய பள்ளங்கள் தெரிவதாகச் சொன்னார்கள்.

இந்தியத் தரப்பின் பதில் இது: பயன்படுத்தியது ஸ்பைஸ் 2000 என்ற இஸ்ரேலிய வழிகாட்டுக் கருவி பொருத்திய குண்டு. அது கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கும் வகை, கட்டடத்தைத் தரைமட்டமாக்கும் வகை அல்ல. அதனால் வெளியே கூரையில் சிறு ஓட்டை மட்டுமே இருக்கும், அதையும் ஒட்டுப் போட்டு மூடிவிடலாம்.

இந்தப் பதிலை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. ராய்ட்டர்ஸ் வெளியிட்ட படத்தில் 72 செ.மீ. அளவுள்ள பொருள் வரைதான் தெரியும். அந்தப் படத்தை உங்கள் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெறும் சதுரப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் தரையில் முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர் இடம். இந்த வகைக் குண்டின் உடல் அரை மீட்டர் அகலம்கூட இருக்காது. அது போட்ட ஓட்டை ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடலாம், அல்லது பக்கத்து நிழலோடு கலந்துவிடலாம். ஆகவே "படத்தில் ஓட்டை இல்லை" என்பதை வைத்து மட்டும் "குண்டு விழவில்லை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் எதிர்க்கேள்வியும் வலுவானது. உள்ளே வெடித்தால் அழுத்தம் எங்கே போகும்? 900 கிலோ வகைக் குண்டு ஒரு சாதாரண மதரஸாக் கட்டடத்துக்குள் வெடித்தால் கூரை தூக்கும், சன்னல் பறக்கும், சுவர் பிளக்கும். ஒரு குண்டு தப்பலாம், பல குண்டுகள் விழுந்தும் எந்தக் கூரையும் அசையவில்லை என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது. ராய்ட்டர்ஸ் கேட்ட ஆயுத நிபுணர்களும் இதையே சொன்னார்கள்.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் என் கருத்து இது. பொதுவில் உள்ள படங்கள் குண்டுகள் கட்டடங்களைத் தவறவிட்டன என்ற பக்கமே சாய்கின்றன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்பதற்குப் பொதுவில் ஆதாரம் வரவில்லை. விமானப்படை தன் கையில் உள்ள படங்களை அரசிடம் கொடுத்ததாக அப்போது செய்திகள் வந்தன. அவை வெளியிடப்பட்டால், நான் தவறாக இருந்தால், முதலில் திருத்திக்கொள்பவன் நானாக இருப்பேன்.

செய்தியாளர்கள் நேரில் போய்ப் பார்க்கவில்லையா?

போனார்கள், மலையடிவாரம் வரை. ஊர்க்காரர்கள் பேசினார்கள், குண்டுப் பள்ளங்களையும் முறிந்த மரங்களையும் காட்டினார்கள். ஆனால் மேலே இருந்த மதரஸாவுக்குப் போகும் வழியில் பாதுகாப்புப் படையினர் தடுத்தார்கள். ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் மட்டும் ஒன்பது நாட்களில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாகிஸ்தான் ராணுவமே வெளிநாட்டுச் செய்தியாளர்களையும் தூதர்களையும் ஹெலிகாப்டரில் அங்கே கூட்டிப் போனது ஏப்ரலில், ஆறு வாரத்துக்குப் பிறகு. அப்போது கட்டடம் முழுசாக இருந்தது, உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மறுநாளே கதவைத் திறந்துவிட்டிருக்கலாமே. முதல் 24 மணி நேரத்தில் காட்டியிருந்தால் பாகிஸ்தானின் பேச்சுக்கு ஈடு இணையே இருந்திருக்காது. ஆறு வாரம் பூட்டி வைத்ததால் அந்தச் சாட்சியத்தின் மதிப்பை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். ஆறு வாரத்தில் கூரை மாற்றலாம், சுவர் பூசலாம். அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பை அவர்களே கைவிட்டார்கள் என்கிறேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம்: அங்கே நடந்தது யாருடைய மதரஸா என்ற கேள்வி வந்தால் அதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குச் சங்கடம்.

மறுநாள் பாகிஸ்தானின் எஃப்-16 விமானம் வீழ்த்தப்பட்டதா?

பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்கள் எல்லைக்கோட்டருகே வந்து தாக்கின. வான் சண்டையில் விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான் ஓட்டிய மிக்-21 வீழ்ந்தது. அவர் பிடிபட்டார், மார்ச் 1 இரவு வாகா எல்லையில் திரும்ப ஒப்படைக்கப்பட்டார். சென்னையில் குடும்பம் உள்ளவர் என்பதால் அந்த மூன்று நாளும் நம் ஊரில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் போனது.

இந்தச் சண்டையில் இரு தரப்பின் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

பாகிஸ்தான்: இரண்டு இந்திய விமானங்களை வீழ்த்தினோம், எங்களுக்கு இழப்பு இல்லை. இந்தியா: ஒரு மிக்-21 போனது, ஓர் எஃப்-16-ஐ வீழ்த்தினோம்.

பாகிஸ்தான் அன்றே தடுமாறியது. முதலில் இரண்டு விமானிகள் பிடிபட்டதாகவும் ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாகவும் கஃபூர் சொன்னார். மாலைக்குள் "எங்களிடம் இருப்பது ஒரே விமானிதான்" என்று மாற்றிக்கொண்டார். இந்தச் சண்டையில் எஃப்-16 பயன்படுத்தவே இல்லை என்றும் முதலில் சொன்னார்கள். பிப்ரவரி 28 மாலை டெல்லியில் முப்படை அதிகாரிகள் செய்தியாளர்கள் முன்னால் ஓர் உலோகத் துண்டை வைத்தார்கள். உருளை வடிவம், ஓரங்கள் கிழிந்தது, மேலே எழுத்தும் எண்களும். அது விமானத்திலிருந்து விமானத்தைத் தாக்கும் ஆம்ராம் ஏவுகணையின் உடைந்த பகுதி. பாகிஸ்தானிடம் அதைச் சுமக்கும் விமானம் எஃப்-16 மட்டும்தான். ஏப்ரலில் பாகிஸ்தானின் பேச்சு "எஃப்-16 ஆனாலும் வேறானாலும் என்ன, தற்காப்புக்கு எதையும் பயன்படுத்த உரிமை உண்டு" என்று மாறியது. ஆக, எஃப்-16 பறந்தது என்பது உறுதி. இதில் இந்தியா சொன்னதே சரி.

பறந்தது விழுந்ததா என்பது அடுத்த கேள்வி. 2019 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஃபாரின் பாலிசி இதழ், அமெரிக்க அதிகாரிகள் தங்கள் நாட்டுத் தயாரிப்பான பாகிஸ்தானின் எஃப்-16 விமானங்களை எண்ணிப் பார்த்ததில் ஒன்றும் குறையவில்லை என்று எழுதியது. சொன்னவர்கள் பெயர் குறிப்பிடாத இருவர். அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்று பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் தரப்பில் சொன்னார்கள். மிக் விமானத்தின் நான்கு ஏவுகணைகளும் இடிபாட்டிலேயே கிடைத்தன, எனவே அது சுடவே இல்லை என்றது பாகிஸ்தான். ஏப்ரல் 8 அன்று இந்திய விமானப்படை ரேடார் திரைப் படங்களை வெளியிட்டு, எஃப்-16 திரையிலிருந்து மறைவதைக் காட்டியது. ஆனால் ரேடாரில் ஒரு புள்ளி மறைவது விமானம் விழுந்ததாலும் இருக்கலாம், மலைக்குப் பின்னால் தாழ்ந்து பறந்ததாலும் இருக்கலாம். அபிநந்தனுக்கு அளித்த வீர் சக்ரா விருதின் குறிப்பில் எஃப்-16 வீழ்த்தியது இடம்பெற்றிருக்கிறது. அரசு தன் நிலையில் உறுதியாக நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. அந்த எஃப்-16-இன் சிதைந்த பாகங்களோ, வாலில் எழுதியிருக்கும் அடையாள எண்ணோ இன்னும் வெளியே வரவில்லை.

பாகிஸ்தானின் "இரண்டாவது விமானம்" கதைக்கு இதைவிடவும் வலு குறைவு. சுகோய்-30 ஒன்றை வீழ்த்தியதாக அவர்கள் சொன்னார்கள். 2019 அக்டோபர் 8, விமானப்படை நாளன்று, அன்றைய சண்டையில் பறந்த சுகோயையே வானில் ஓட்டிக் காட்டியது இந்தியா. பாகிஸ்தான் காட்டியதெல்லாம் ஒரே மிக்-21-இன் சிதைவுகள்தான்.

நம் தரப்பு தவறு செய்து ஒப்புக்கொண்டது எதுவும் இருக்கிறதா?

இருக்கிறது. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்பது எனக்கு வருத்தம்.

அதே பிப்ரவரி 27 காலை, ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அன்று எல்லாரும் அபிநந்தனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தொழில்நுட்பக் கோளாறு என்ற பேச்சு பரவியது. தாங்கள் வீழ்த்தவில்லை என்று பாகிஸ்தான் சொன்னது. அது உண்மை. 2019 அக்டோபர் 4 அன்று புதிய விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா, அதை வீழ்த்தியது நம் சொந்த ஏவுகணைதான், பெரிய தவறு நடந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். நடுவில் ஏழு மாதம். அதில் ஒரு மக்களவைத் தேர்தலும் முடிந்துவிட்டது.

பதௌரியா அதைச் சொன்ன விதத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், அந்த ஏழு வீடுகளும் ஏழு மாதம் எந்தப் பதிலோடு வாழ்ந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்படியெல்லாம் கேட்பது படைவீரர்களை அவமதிப்பது ஆகாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், கோபமாகக் கேட்கப்பட்டதும் இதுதான். ஆகாது என்பது என் பதில். அதிகாலை மூன்றரை மணிக்கு எதிரியின் வான்வெளிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த விமானியின் துணிச்சலை யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தத் துணிச்சல், குண்டு எங்கே விழுந்தாலும் அப்படியேதான் இருக்கும். அவர் கொண்டுவந்த தகவலை வைத்து மேடையில் எண் சொன்னவர்களிடம்தான் கேள்வி.

"ஆதாரம் காட்டுங்கள்" என்று அந்த மார்ச் மாதம் கேட்டவர்களில், புல்வாமாவில் உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களும் இருந்தன. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அப்படி இரண்டு குடும்பங்கள், எங்கள் பிள்ளைகளின் உடலை எல்லாரும் பார்த்தோம், அவர்கள் பக்கம் இறந்தவர்களையும் காட்டினால்தான் மனம் ஆறும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களைப் பார்த்து தேசத்துரோகி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மற்ற நாடுகளில் இப்படி நடந்து, பின்னால் உண்மை தெரிந்த உதாரணம் உண்டா?

உண்டு. மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் வெவ்வேறு விதம்.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் வட வியட்நாம் படகுகள் தன் கப்பல்களை இரண்டு முறை தாக்கியதாக அமெரிக்கா சொன்னது. ஆகஸ்ட் 2 தாக்குதல் நடந்தது. ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் அதை வைத்து ஆகஸ்ட் 7 அன்று, வியட்நாமில் படை பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கீழவையில் எதிர்ப்பு ஓட்டு பூஜ்யம், மேலவையில் இரண்டே இரண்டு. அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதிய உண்மை வெளியே வந்தது 2005-இல். பாதி உண்மையோடு சேர்த்துச் சொன்ன பொய் என்பதால்தான் அதை அதிகம் பேர் சந்தேகிக்கவில்லை.

2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அல்-கிபர் என்ற இடத்தை இஸ்ரேல் குண்டு வீசி அழித்தது. வெற்றுக் கட்டடம் என்றது சிரியா. அதற்குள் அந்த இடத்தை மட்டப்படுத்திவிட்டார்கள். இஸ்ரேலோ அதிகாரபூர்வமாக வாயே திறக்கவில்லை. 2011-இல் சர்வதேச அணுசக்தி முகமை, அது அணு உலையாகவே இருந்திருக்க மிகவும் வாய்ப்புண்டு என்றது. தாக்கியது நாங்கள்தான் என்று இஸ்ரேல் ஒப்புக்கொண்டது 2018 மார்ச்சில். இங்கே எண்ணிக்கைப் போட்டியே இல்லை, ஏனென்றால் தாக்கியவருக்குப் பெருமை பேசும் அவசரம் இல்லை.

மூன்றாவது பாகிஸ்தானே பாதிக்கப்பட்ட சலாலா. 2011 நவம்பர் 26 அன்று ஆப்கான் எல்லையில் நேட்டோ விமானங்கள் தாக்கியதில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். முதலில் சுட்டது அவர்கள், எங்களுடையது தற்காப்பு என்றது அமெரிக்க விசாரணை. அதே விசாரணை, இடத்தைப் பற்றி பாகிஸ்தான் தரப்புக்குத் தவறான தகவல் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டது. பாகிஸ்தான் விசாரணையில் கலந்துகொள்ளவும் மறுத்தது, முடிவை ஏற்கவும் மறுத்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போகும் நேட்டோவின் சரக்குப் பாதையை மூடி வைத்தது. 2012 ஜூலையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டன் வருத்தம் தெரிவித்த பிறகுதான் திறந்தது. ஆனால் யார் முதலில் சுட்டது என்பதில் இன்று வரை இரண்டு பதில்கள்தான்.

அந்த நேரத்தில் வந்த வீடியோக்கள்?

விட்டுவிடுங்கள். 2019-இல் ஒரு வீடியோ கேம் காட்சியே பாலகோட் தாக்குதல் என்று சுற்றியது. பாலகோட் 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்தப் பெயரோடு இடிபாட்டுப் படங்கள் இணையத்தில் ஏற்கெனவே ஏராளம்.

2025 மே மாதச் சண்டையிலும் இதே கதைதானா?

பெருமளவு அதே கதை, வேகம் மட்டும் கூடுதல். ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அன்று இந்தியா ஒன்பது இடங்களைத் தாக்கியது. இந்திய விமானங்களை வீழ்த்தியதாக பாகிஸ்தான் உடனே அறிவித்தது. அந்த எண்ணிக்கை பின்னர் ஆறு ஆனது. மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான், இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார், எண் சொல்லவில்லை. ஆறு என்பது முற்றிலும் தவறு என்றார். ஆகஸ்ட் 9 அன்று பெங்களூரில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தியதாகச் சொன்னார். பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப் அதை மறுத்து, இரு நாடுகளும் தங்கள் விமானக் கையிருப்பைச் சுதந்திரமான சரிபார்ப்புக்குத் திறக்கட்டும் என்றார். இரு தரப்பும் திறக்கவில்லை.

2019-ஐ நன்றாகப் படித்தவருக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. முதல் நாள் எண்கள் உயரத்தில் இருக்கும், சொந்த இழப்பு தாமதமாக வரும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் நான் என்ன செய்யலாம்?

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து மேலே தேதியும் நேரமும் எழுதுவேன். யார் சொன்னது, பெயரோடு சொன்னதா "வட்டாரங்கள்" சொன்னதா, நான்கு கேள்விகளில் எதற்கான பதில் என்று எழுதிக்கொள்வேன். எதிரிக்குச் சாதகமாகவோ தனக்குப் பாதகமாகவோ ஒரு தரப்பு ஏதாவது சொன்னால் அதன் கீழே கோடு போடுவேன், ஏனென்றால் அதைச் சொல்ல அவர்களுக்கு அவசியமே இல்லை. விமானங்கள் வந்தன என்ற கஃபூரின் முதல் பதிவும், பட்காம் பற்றி பதௌரியா சொன்னதும் அந்த வகை. மூன்று நாளைக்கு யாருக்கும் எதையும் அனுப்ப மாட்டேன். இது கஷ்டம், குறிப்பாகக் குடும்பக் குழுவில்.

முழு உண்மை என்றைக்காவது தெரியுமா?

தெரிய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் தடயங்கள் அழியவில்லை, பூட்டிக் கிடக்கின்றன. விமானப்படை எடுத்த படங்கள் டெல்லியில் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கின்றன. அமெரிக்கா பாகிஸ்தானுக்கு எத்தனை எஃப்-16 விற்றது, எந்தெந்த எண் என்ற பட்டியல் வாஷிங்டனில் இருக்கிறது. அந்த ஆறு வாரம் ஜாபா மலை மேல் யார் யார் போய் வந்தார்கள் என்பது அங்கே காவல் நின்ற சிப்பாய்களுக்குத் தெரியும். டோங்கின் உண்மைக்கு 41 ஆண்டு ஆனது, அல்-கிபருக்குப் பத்தரை ஆண்டு, பட்காமுக்கு ஏழு மாதம். சித்தப்பா போன வருடம் மறுபடியும் குழுவில் சேர்ந்துவிட்டார். பிப்ரவரி 26 வந்ததும் இருவரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். அவர் இன்னும் 300 என்கிறார், நான் இன்னும் படத்தைக் கேட்கிறேன்.